தமிழோசை நடுநிலை என்கிறீர்களே, அந்தப் பணம் யாருடையது?

மன்னார்குடி வாத்தியார்:
பழைய ரேடியோ பெட்டிகளைப் பற்றி இங்கே நல்ல பேச்சு போய்க்கொண்டிருந்தது. அதற்கு நடுவில் பாபநாசம் சிற்றலை ஒரு வரியைச் செருகியிருக்கிறார்: "வெளிநாட்டு அரசுகளைப் பற்றித் தமிழில் ஒளிவுமறைவு இல்லாமல் பேசிய ஒரே வானொலி பிபிசி தமிழோசைதான், ஆகாசவாணி டெல்லி எழுதிக் கொடுத்ததை வாசிக்கும்." இதற்கு விருப்பக்குறி போட ஒரு கூட்டமே வந்திருக்கிறது. படித்ததிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை. திருச்சி வானொலி நிலையம் 1939-ல் வந்தது. பிபிசியின் தமிழ் ஒலிபரப்பு 1941-ல் வந்தது, அதுவும் உலகப் போர் உச்சத்தில் இருந்தபோது. நம் மேல் பாசம் பொங்கியா ஆரம்பித்தார்கள்? அவர்களுக்குப் போரில் நம் ஆட்கள் தேவைப்பட்டார்கள். அதற்குப் பிறகும் 2014 ஏப்ரல் வரை பிபிசி உலகச் சேவைக்குப் படியளந்தது பிரிட்டன் வெளியுறவுத் துறை. அந்தத் துறையின் வேலையே வெளிநாட்டு அரசுகளோடு பேரம் பேசுவது. அதன் பணத்தில் நடந்த வானொலி வெளிநாட்டு அரசுகளைப் பற்றி நடுநிலையாகப் பேசியது என்றால் எப்படி என்று சொல்லுங்கள். சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள்.

பாபநாசம் சிற்றலை:
சார், நான் எழுதியதில் ஒரு எழுத்தைக்கூட மாற்ற மாட்டேன். வெளியுறவுத் துறை பணம் கொடுத்தது ஊருக்கே தெரிந்த விஷயம், அதை யாரும் ஒளித்துவைக்கவில்லை. பணம் கொடுத்தவன் செய்தி எழுதினானா என்பதுதான் கேள்வி. 1956-ல் எகிப்தில் சூயஸ் கால்வாய்ச் சண்டை. பிரதமர் ஆண்டனி ஈடன் வானொலியில் பேசினார், மறுநாளே அவரை எதிர்த்துப் பேச எதிர்க்கட்சித் தலைவர் ஹ்யூ கெய்ட்ஸ்கெல்லுக்கும் பிபிசி இடம் கொடுத்தது. சொந்த நாடு குண்டு போட்டுக்கொண்டிருக்கும்போது நடந்தது இது. 1982-ல் அர்ஜென்டினாவோடு நடந்த ஃபாக்லாந்துப் போரில் "நம் படைகள்" என்று சொல்லாமல் "பிரிட்டிஷ் படைகள்" என்று சொன்னதற்காக மார்கரெட் தாட்சர் அரசு கொதித்தது. துரோகிகள் என்றுகூட ஆளுங்கட்சியில் திட்டினார்கள். சொந்த அரசிடமே இப்படித் திட்டு வாங்கிய வானொலி நடுநிலை இல்லையென்றால் வேறு எது நடுநிலை? நம் ஆகாசவாணி டெல்லியிடம் என்றைக்காவது இப்படித் திட்டு வாங்கியிருக்கிறதா?

மன்னார்குடி வாத்தியார்:
கேட்டது ஒன்று, பதில் வேறொன்று. பணம் யாருடையது என்று கேட்டேன், இங்கிலாந்து சரித்திரப் பாடம் நடத்துகிறீர்கள். நானே முப்பது வருஷத்துக்கு மேல் அந்தப் பாடம் நடத்தியவன், அதனால் மீதிப் பக்கத்தையும் நான் சொல்கிறேன். 1956-ல் கெய்ட்ஸ்கெல் பேசியதைச் சொன்னீர்கள், அதே சமயத்தில் உலகச் சேவை இயங்கிய புஷ் ஹவுசில் வெளியுறவுத் துறை தன் அதிகாரி ஒருவரைக் கொண்டுவந்து உட்காரவைத்ததை ஏன் விட்டீர்கள்? நிதியை வெட்டுவோம் என்று மிரட்டியதை ஏன் விட்டீர்கள்? 1982-ல் அர்ஜென்டினா சிப்பாய்களின் மனதைக் கலைக்க ரேடியோ அட்லாண்டிகோ டெல் சுர் என்று ஒரு நிலையத்தை பிரிட்டன் ராணுவ அமைச்சகம் நடத்தியது. அதற்கு டிரான்ஸ்மிட்டர் எங்கிருந்து வந்தது தெரியுமா? அசென்ஷன் தீவில் பிபிசி வைத்திருந்த டிரான்ஸ்மிட்டர்களில் ஒன்றை எடுத்துக்கொண்டார்கள். பணம் கொடுத்தவனுக்கு ஒரு அவசரம் வந்ததும் கை நீண்டுவிட்டது பாருங்கள். இதற்குத்தான் பணம் யாருடையது, பணம் யாருடையது என்று கேட்கிறேன்.

பாபநாசம் சிற்றலை:
டிரான்ஸ்மிட்டரை எடுத்தது அரசு. பிபிசி அதை விரும்பிக் கொடுக்கவில்லை. அந்த நிலையத்தில் பேசியதும் பிபிசி ஆட்கள் இல்லை. இரண்டையும் ஒன்றாக்கிக் குழப்பாதீர்கள். அப்புறம், டிரான்ஸ்மிட்டர் கணக்குப் பார்க்கிறீர்கள் என்றால் 1971-ஐ ஏன் தாண்டிப் போகிறீர்கள்? கிழக்கு பாகிஸ்தான் சண்டையில் வங்கதேச விடுதலைக்காரர்களின் வானொலியான சுவாதீன் பங்களா பேதார் கேந்திரா கல்கத்தாவிலிருந்து பேசியது. அதற்கு டிரான்ஸ்மிட்டர் கொடுத்தது இந்திய அரசு. அதுவும் ஒரு வெளிநாட்டு அரசுக்கு எதிராகத்தானே?

மன்னார்குடி வாத்தியார்:
அது ஒரு ஜனத்தின் விடுதலைக்குச் செய்த உதவி. அதையும் ஃபாக்லாந்தையும் ஒரே தட்டில் வைக்கிறவரிடம் என்ன பேசுவது. போன மாதம் மேகேதாட்டு விவாதத்திலும் இதே வேலைதான் செய்தீர்கள். நான் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் கர்நாடகத்து ஏரிகளை எண்ணிக்கொண்டிருந்தீர்கள். மறந்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம்.

கும்பகோணம் மாணவன்:
நடுநிலை என்றால் என்ன என்று முதலில் பேசி முடிவு செய்துவிட்டு விவாதிக்கலாமே? இரண்டு பக்கத்துக்கும் சம நேரம் கொடுப்பதா, நடந்ததை அப்படியே சொல்வதா, அல்லது எந்த அரசின் பணத்தையும் வாங்காமல் இருப்பதா? மூன்றும் வேறு வேறு இல்லையா?

பாபநாசம் சிற்றலை:
மேகேதாட்டுவை இங்கே இழுத்துவந்தது நீங்கள்தான் என்பதை எல்லோரும் குறித்துக்கொள்ளட்டும். அந்த விவாதத்தில் பாதியில் எழுந்து போனது யார் என்று பழைய பதிவைப் போய்ப் பாருங்கள்.

கொரடாச்சேரி அக்கா:
1956, 1982 என்று ஆண்கள் சண்டை போடுவதைக் காலையிலிருந்து படித்துக்கொண்டிருக்கிறேன். நம் கண் முன்னால் நடந்ததைப் பேச ஒருவருக்கும் தோன்றவில்லையா? வன்னியிலிருந்து ஐ.நா. ஊழியர்களை இலங்கை அரசு 2008 செப்டம்பரில் வெளியேற்றியது. வெளியூர்ப் பத்திரிகைக்காரர்களைப் போர் நடக்கும் இடத்துக்கு விடவில்லை. உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள அங்கே இருந்த அரசு டாக்டர்கள் போனில் சொல்வதுதான் மிச்சம். எங்கள் வீட்டில் இரவு ஒன்பதே காலுக்கு சாப்பாட்டைக்கூடத் தள்ளிவைத்துவிட்டு ரேடியோ பக்கத்தில் உட்காருவோம். இந்தக் காதைப் பெட்டியோடு ஒட்டிவைத்தால்தான் குரல் கேட்கும், திடீரென்று அலை அடங்கிப்போகும், கம்பியைத் தொட்டுப் பிடித்துக்கொண்டால் திரும்ப வரும். என் மாமனார் அந்தக் கம்பியைப் பிடித்தபடியே அழுதிருக்கிறார். இலங்கை அரசு வானொலி மூலம் உள்ளூரில் மறு ஒலிபரப்பான பிபிசி தமிழ் நிகழ்ச்சியில் குறுக்கீடு நடந்ததால் 2009 பிப்ரவரியில் பிபிசி அந்த ஏற்பாட்டையே நிறுத்தியது. 2013 மார்ச்சில் ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமைக் கூட்டம் நடந்தபோது மறுபடியும் தமிழ் நிகழ்ச்சியில் கைவைத்தார்கள், மறுபடியும் நிறுத்தினார்கள். ஒரு அரசு எந்த வானொலியைக் கண்டு பயந்து வாயை அடைக்கிறதோ, அதுதான் அந்த அரசைப் பற்றி உண்மை பேசியிருக்கிறது. எனக்கு இவ்வளவு போதும்.

மன்னார்குடி வாத்தியார்:
அம்மா, உங்கள் துக்கத்தில் நான் குறுக்கே பேச மாட்டேன், அது என் துக்கமும்தான். ஆனால் கேள்வி அப்படியே நிற்கிறது. 2009-ல் அந்த நிகழ்ச்சிக்குச் சம்பளம் கொடுத்தது யார்? பிரிட்டன் வெளியுறவுத் துறை. அதே அரசு கொழும்புக்கு ஆயுதம் விற்க உரிமம் கொடுத்துக்கொண்டிருந்தது. ஒரு கையால் உரிமம், மறு கையால் செய்தி. 2011-ல் ஐ.நா. நிபுணர் குழு 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கலாம் என்று சொன்ன பிறகுதான் உலகத்துக்கே உறைத்தது. அதற்கு முன்னால் தினம் தினம் என்ன சொன்னார்கள்? டாக்டர் இப்படிச் சொல்கிறார், ராணுவம் அதை மறுக்கிறது. அவ்வளவுதான். செத்தவனுக்கும் கொன்றவனுக்கும் ஆளுக்கு அரை நிமிஷம் கொடுப்பதா நடுநிலை?

கொரடாச்சேரி அக்கா:
அந்த அரை நிமிஷமாவது கொடுத்தார்கள். உங்கள் திருச்சி வானொலி எத்தனை நிமிஷம் கொடுத்தது என்று சொல்லுங்கள். 2009 மே 13-ல் தமிழ்நாட்டில் வாக்குப்பதிவு, 16-ல் எண்ணிக்கை, 18-ல் அங்கே எல்லாம் முடிந்துவிட்டது. அந்த வாரம் மாநிலச் செய்தியில் எனக்கு நினைவிருப்பது எந்தத் தொகுதியில் யார் முன்னணி என்பதுதான். அப்புறம் அந்த டாக்டர்களைப் பிடித்துவைத்து, ஜூலையில் நிருபர்கள் முன்னால் உட்காரவைத்து, நாங்கள் சொன்ன எண்ணிக்கை பொய் என்று சொல்லவைத்தார்களே, அந்த அளவுக்கு அந்த அரை நிமிஷம் கொழும்பைச் சுட்டிருக்கிறது.

நாகை விசைப்படகு:
வாத்தியாரய்யா, சிற்றலை அண்ணே, அக்கா, எல்லோருக்கும் வணக்கம். நான் அக்கரைப்பேட்டை. எங்களுக்கு ரேடியோ என்றால் புயல் கூண்டு. பாலித்தீன் பையில் சுற்றி டிரான்சிஸ்டரைப் படகில் கட்டிவைப்போம், காரைக்கால் பண்பலை கரையிலிருந்து தள்ளிப் போகப் போகக் கரகரக்கும், அதுவரைக்கும் கேட்போம். இலங்கை நேவி எங்கள் ஆட்களைப் பிடித்துக்கொண்டு போகும் அன்றைக்கும் அதே ரேடியோவில்தான் செய்தி வரும். "எல்லை தாண்டி மீன்பிடித்ததாக" என்று முதல் வரியிலேயே இலங்கைக்காரன் சொன்னதைத்தான் வாசிப்பார்கள். பிடிபட்டவன் சொல்வதைக் கேட்க மைக்கோடு யாரும் துறைமுகத்துக்கு வர மாட்டார்கள். ஒரு வெளிநாட்டு அரசு சொன்னதை நம் நாட்டு வானொலி அப்படியே சொல்கிறதே, இது எந்த ஊர் நியாயம்? கேட்டால் கொழும்போடு நட்புறவு என்பார்கள். 1974-லும் 1976-லும் எங்களைக் கேட்காமல் இலங்கையோடு கடல் எல்லைக் கோடு போட்டதும் அதே நட்புறவில்தான்.

பாபநாசம் சிற்றலை:
இதோ, வாத்தியார் சாருக்குச் சாட்சி அவர் மாவட்டத்துக்குப் பக்கத்திலிருந்தே வந்துவிட்டது. ஆகாசவாணியின் சம்பளம் எங்கிருந்து வருகிறது? ஆகாசவாணியை நடத்தும் பிரசார் பாரதிக்கான சட்டம் 1990-ல் வந்தது, 1997-ல் நடைமுறைக்கு வந்தது, தன்னாட்சி என்றார்கள். சம்பளம் இன்னும் மத்திய அரசின் மானியம்தான். பணம் யாருடையது என்று கேட்கிறவர் இதை ஏன் கேட்கவில்லை?

மன்னார்குடி வாத்தியார்:
அது என் வரிப்பணம். உங்கள் வரிப்பணம். தபால் ஆபீசுக்குப் போய் ரேடியோ லைசென்ஸ் புத்தகத்தில் ஸ்டாம்ப் ஒட்டி முத்திரை வாங்கியது எங்கள் தலைமுறை, 1980-களில்தான் அதை எடுத்தார்கள். ஒரு வருஷம் கட்ட மறந்தால் அபராதம். நான் பணம் கட்டிய வானொலி என் நாட்டின் பக்கம் நின்று பேசினால் அதில் என்ன குற்றம்? வெளிநாட்டு அரசைப் பற்றி என் நாட்டு வானொலி யோசித்து, நிதானமாகப் பேசத்தான் செய்யும். ஒரு வரி தவறாகப் போனால் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற தமிழனுக்குத்தான் அடி விழும். நடுநிலை என்று நெற்றியில் எழுதி ஒட்டிக்கொண்டு வெளியுறவுத் துறைப் பணத்தில் பேசியவர்களைத்தான் நான் கேட்கிறேன். நாகைத் தம்பியின் வருத்தம் நியாயம்தான், ஆனால் அது அரசின் கொள்கை மேல் உள்ள வருத்தம், வானொலி மேல் இல்லை.

நாகை விசைப்படகு:
ஐயா, எனக்கு எதன் மேல் வருத்தம் என்று எனக்குத் தெரியும்.

வலங்கைமான் வக்கீல்:
வாத்தியாரே, உங்கள் வரிப்பணம் உங்களுக்கு வரிப்பணம், லண்டன்காரன் கட்டுவது மட்டும் அவனுக்கு வரிப்பணம் இல்லையா? இன்னொன்று. இந்தியாவில் தனியார் பண்பலைக்குச் சொந்தமாகச் செய்தி போட அனுமதி கிடையாது. ஆகாசவாணி செய்தியை ஒரு எழுத்து மாற்றாமல் போடலாம், அவ்வளவுதான். தஞ்சாவூரிலிருந்து வேதாரண்யம் வரை எந்த அலைவரிசையைத் திருப்பினாலும் செய்தி என்று வந்தால் ஒரே குரல். அந்தக் குரல் ஒரு வெளிநாட்டு அரசைப் பற்றிச் சொல்வது சரியா தப்பா என்று ஒப்பிட்டுப் பார்க்க வேறு வானொலியே இல்லை. அந்த ஓட்டையைத்தான் சிற்றலை அடைத்தது. பணக்கணக்கை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள், அமெரிக்காவைப் பாருங்கள். வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா முழுக்க முழுக்க அரசுப் பணம். 2025 மார்ச்சில் அந்த அரசே அதன் குரல்வளையை நெரித்தது. அங்கேயே என்பிஆர் என்ற பொது வானொலிக்கு அரசிடமிருந்து நேராகப் போனது சொற்பம், அப்படியும் சார்பு சார்பு என்று சொல்லி 2025 ஜூலையில் பொது ஒலிபரப்புக்கான 110 கோடி டாலரைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். பணம் கொடுத்தவன் சொன்னபடி பாடியிருந்தால் எதற்காக அவனே வெட்டுகிறான்?

மன்னார்குடி வாத்தியார்:
வக்கீல் சார், நீங்கள் எனக்காக வாதாடிவிட்டீர்கள். பணம் கொடுத்தவன் நினைத்தால் ஒரே கையெழுத்தில் வெட்ட முடிகிறது என்றால் அந்த வானொலி யாருடையது? வெட்டிவிடுவான் என்ற பயத்தோடு எழுதுகிறவன் எப்படி எழுதுவான்? 2014-க்கு முன் வெளியுறவுத் துறை. 2014-க்குப் பிறகு பிரிட்டன் ஜனங்கள் கட்டும் டிவி லைசென்ஸ் கட்டணம் என்றார்கள், சரி, எத்தனை நாள் நின்றது? 2015 நவம்பரில் பிரிட்டன் அரசு மறுபடி 28.9 கோடி பவுண்ட் அறிவித்தது, நான்கு வருஷத்துக்கு. அந்தப் பணம் வந்த பிறகு என்ன நடந்தது என்று சிற்றலைக்காரர் சொல்லட்டும். தெலுங்கு, மராத்தி, குஜராத்தி, பஞ்சாபி என்று 2017-ல் புதுக் கடை திறந்தார்கள். அதே 2017 ஏப்ரல் 30-ந் தேதி தமிழோசையின் சிற்றலையை மூடினார்கள். எழுபத்தைந்து வருஷத்துக்கு மேல் கேட்டவனுக்கு அதுதான் மரியாதை. எந்த நாட்டில் யாரிடம் எந்த மொழியில் பேசினால் தனக்கு ஆதாயம் என்று பார்த்துப் பேசுகிறவனிடம் போய் நடுநிலையைத் தேடுகிறீர்கள். 2023 ஏப்ரலில் ட்விட்டரே பிபிசி பெயருக்குப் பக்கத்தில் அரசு நிதியில் இயங்கும் ஊடகம் என்று பட்டை ஒட்டியது.

பாபநாசம் சிற்றலை:
ஒட்டிய பட்டையைச் சில நாளில் மாற்றினார்கள், பொதுமக்கள் நிதி என்று. அதை ஏன் முழுங்கிவிட்டீர்கள்? 2017 ஏப்ரல் 30-ஐப் பற்றி நீங்கள் எனக்குச் சொல்ல வேண்டாம். கடைசி ஒலிபரப்பைக் கேட்டுவிட்டு நான் சாப்பிடாமல் படுத்தவன். ஒலிபரப்பைக் கேட்டதாக எழுதினால் வானொலி நிலையங்கள் அனுப்பும் கியூஎஸ்எல் அட்டைகள் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய என்னிடம் இருக்கின்றன, மாஸ்கோ, பீக்கிங், மணிலா எல்லாம். எல்லா நாட்டு வானொலியையும் தமிழில் கேட்டவன் என்ற உரிமையில் சொல்கிறேன். மாஸ்கோவில் ரஷ்யாவைக் குறை சொல்லி ஒரு வரி கேட்டதில்லை, பீக்கிங்கில் சீனாவைக் குறை சொல்லி ஒரு வரி கேட்டதில்லை. லண்டனில் லண்டன் அரசைக் குறை சொல்லிக் கேட்டிருக்கிறேன். இந்த வித்தியாசம் கேட்டவனுக்குத் தெரியும். மீடியம் வேவில் திருச்சி வானொலியின் 936-ஐ விட்டு முள்ளை நகர்த்தாதவர்களுக்குத் தெரியாது.

மன்னார்குடி வாத்தியார்:
936-ஐக் கேலி பேசாதீர்கள். அந்த 936-தான் இந்த டெல்டாவுக்குச் சோறு போட்டது. ஆடுதுறை 27 நெல்லை வீட்டுக்கு வீடு கொண்டுபோனது திருச்சி வானொலி. 1960-களில் அந்த நெல்லுக்கு ஜனங்கள் வைத்த பெயரே ரேடியோ நெல். உலகத்தில் எந்த வானொலியின் பெயரில் ஒரு பயிர் இருக்கிறது? லண்டன் ரேடியோ பெயரில் ஒரு புல்லாவது முளைத்ததா?

ஆடுதுறை நெல்:
பேச்சு எங்கள் ஊருக்கே வந்துவிட்டதால் எழுதுகிறேன். ஆடுதுறை 27 ஜப்பான் ரகமும் நம் ரகமும் கலந்த குறுகிய கால நெல், குறுவைக்கு வந்தது, உண்மை. அதே ரேடியோதான் யூரியாவைக் கொட்டு, மருந்தை அடி என்றும் சொன்னது. குடவாழை, காட்டுச்சம்பா எல்லாம் வயலை விட்டுப் போனதில் அந்த ரேடியோவுக்கும் பங்கு உண்டு. எங்கள் தாத்தா கடைசிவரை அந்த அரிசியை வாயில் வைக்கவில்லை.

மன்னார்குடி வாத்தியார்:
பட்டினி என்றால் என்ன என்று உங்கள் தாத்தாவிடம் கேட்டிருக்க வேண்டும். கப்பலில் கோதுமை வந்தால்தான் சோறு என்று நாடு கையேந்திய காலம் அது. அந்தக் காலத்தில் ஒரு போகத்தைச் சீக்கிரம் அறுத்துக் களத்துக்குக் கொண்டுவந்த நெல்லைக் குறை சொல்ல உங்களுக்கு எப்படி மனசு வருகிறது?

ஆடுதுறை நெல்:
என் தாத்தாவைப் பற்றிப் பேசுவதை இத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள் சார். மண் கெட்டதை நான் தினமும் பார்க்கிறேன், நீங்கள் பாடப்புத்தகத்தில் பார்த்தீர்கள்.

வலங்கைமான் வக்கீல்:
நெல் விவாதத்துக்குத் தனி இடம் இருக்கிறது. என் கேள்விக்குப் பதில் வரவில்லை.

பாபநாசம் சிற்றலை:
வராது. அவருக்கு 2014 ஏப்ரல் ஒன்றுதான் தெரியும். 1987 அக்டோபர் 21, தீபாவளி நாள், யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் இந்திய அமைதிப்படை சுட்டதில் டாக்டர்களும் நர்ஸ்களும் நோயாளிகளும் செத்தார்கள். அன்றைக்கு இரவு 936-ல் என்ன வாசித்தார்கள் என்று வாத்தியார் சார் சொல்லட்டும். அங்கே போனது நம் அரசு, செய்தி வாசித்தது நம் அரசின் வானொலி.

மன்னார்குடி வாத்தியார்:
அன்றைக்கு வாசித்ததை நீங்கள் சொல்லுங்கள், குற்றம் சாட்டுகிறவர் நீங்கள்தான். தமிழோசை அன்று இரவு வாசித்தது கையில் இருந்தால் அதையும் போடுங்கள், ஒப்பிட்டுப் பார்ப்போம். இல்லாத காகிதத்தை வைத்து வழக்கு நடத்த முடியாது, வக்கீலைக் கேட்டுப் பாருங்கள். என்னிடம் இருப்பது ஒரே ஒரு கேள்வி, அதற்குக் காகிதம் இருக்கிறது. 2014 ஏப்ரலுக்கு முன் பிரிட்டன் வெளியுறவுத் துறை. 2015 நவம்பரிலிருந்து மறுபடியும் பிரிட்டன் அரசு. இரண்டுக்கும் நடுவில் ஒன்றரை வருஷம்தான் மிச்சம், அந்த ஒன்றரை வருஷத்தை வைத்துக்கொண்டா இவ்வளவு பெருமை?

கொரடாச்சேரி அக்கா:
அந்த அறிவிப்பின் பணம் 2016-லிருந்துதான் வந்தது, அதனால் ஒன்றரை வருஷம் இல்லை. கணக்கு வாத்தியார் இல்லை போலிருக்கிறது. தவிர, 2009-ல் வன்னியிலிருந்து பேசிய அந்த டாக்டரின் குரல் எந்தப் பணத்தில் என் வீட்டுக்கு வந்தது என்பது எனக்குக் கவலையே இல்லை. வந்தது. மற்றதில் வரவில்லை. இதை மாற்றிச் சொல்ல உங்களால் முடியாது.

மன்னார்குடி வாத்தியார்:
அறிவிப்பு 2015 நவம்பர் என்றுதான் சொன்னேன். பணம் எப்போது வங்கியில் விழுந்தது என்பது வேறு பேச்சு. கவலையில்லை என்று நீங்கள் சொல்லலாம் அம்மா, அந்தப் பணம் கவலையில்லாமல் வராது.

காரைக்கால்காரன்:
எல்லாம் சரி, நாகை அண்ணன் எழுதியதற்கு யாரும் பதில் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். எல்லை தாண்டிப் போகவே இல்லை என்று நீங்கள் துறைமுகத்தில் நின்று சத்தியம் செய்வீர்களா? இலங்கையில் 2017-ல் கடலடியை வாரும் இழுவைமடி வலைக்குச் சட்டம் போட்டுத் தடை. யாழ்ப்பாணத்தில் வலை கிழிந்து நிற்கிறவனும் தமிழன்தான், அவன் சொல்வதை நம் வானொலியும் போடவில்லை, லண்டன் வானொலியும் போதுமான அளவு போடவில்லை. சார்பு என்று பேசினால் அதையும் பேச வேண்டும்.

நாகை விசைப்படகு:
காரைக்காலிலிருந்து இந்தப் பேச்சா? உங்கள் துறையிலிருந்து புறப்படுகிற விசைப்படகு எல்லாம் காவிரியில் மீன் பிடிக்கிறதா? தமிழ்நாட்டில் 2000-த்திலேயே தடை போட்ட சுருக்குமடி வலையை யார் யார் வைத்துக்கொண்டு எங்கள் கடலுக்குள் வந்தார்கள் என்று எங்கள் பஞ்சாயத்தில் எழுதிவைத்திருக்கிறோம்.

நெறியாளர்:
வானொலி பற்றி மட்டும் பேசவும்.

காரைக்கால்காரன்:
எழுதிவைத்திருந்தால் போடுங்கள். இரட்டைமடி வலையோடு போகிற உங்கள் படகுகளின் பதிவு எண்ணை நானும் போடுகிறேன். மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை, அந்த நாட்களில் யார் கரையில் இருந்தார்கள், யார் இல்லை என்பதும் சேர்ந்தே வரட்டும்.

மன்னார்குடி வாத்தியார்:
நெறியாளருக்கு: நான் வானொலி பற்றி மட்டும்தான் பேசினேன். திசை திருப்பியவர்களை நீக்குங்கள், முதலில் சிற்றலைக்காரரை.

பாபநாசம் சிற்றலை:
நீக்கட்டும். மேகேதாட்டு விவாதத்திலும் இதைத்தான் கேட்டார்.

நாகை விசைப்படகு:
காரைக்கால்காரரே, எண்ணைப் போடுங்கள். இன்று ராத்திரிக்குள் போடுங்கள், நாளைக் காலை நாங்கள் கடலுக்குப் போகிறோம்.